கிணற்றில் விழாதவள்

கோவிந்தம்மாள் மேல் சாமி வரும். கூட்டேரிப்பட்டிலிருந்து மைலம் போகிற பக்கம், அவர்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்கெல்லாம் பொதுவான பெரிய சாமி இல்லை. அவள் புருஷன் வீட்டுப் பூவாடைக்காரி. வாழ வந்த வீட்டில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். செத்த இடத்துக்குப் போய், பம்பை அடித்துக் கூப்பிட்டு, செம்புத் தண்ணீரில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து, மஞ்சள் நனைத்த புடவை வைத்துப் படைக்க வேண்டும். அவள் யார் மேலாவது வந்து உத்தரவு கொடுத்தால்தான் தாலி.

இந்த வீட்டுப் பூவாடைக்காரியின் பெயர் சின்னபொண்ணு. கோவிந்தம்மாளின் புருஷன் கிருஷ்ணசாமிக்குத் தாத்தா தேவநாதன்; அந்தத் தேவநாதனைப் பெற்றவள். பால்குடிப் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு ஏரிக்கரைக் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனவள், கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாளாம். உடம்பு கிடைக்கவில்லை. கிணற்றுக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது, அது நேராகக் கடலுக்குப் போகிறது என்று ஒரு பேச்சு. சாமியாகப் போனவளுக்கு உடம்பு எதற்கு என்று இன்னொரு பேச்சு. உடம்பே இல்லையென்றால் சாவு நடந்ததா என்று கேட்கிற புத்தி மட்டும் நூறு வருஷமாக அந்த வம்சத்தில் ஒருத்தருக்கும் வரவில்லை.

கோவிந்தம்மாள் பிறந்தது வல்லம் பக்கம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தாள், மல்லாட்டை பிடுங்கினாள், கேப்பை அறுத்தாள். பதினேழு வயதில் கிருஷ்ணசாமிக்குக் கட்டிவைத்தார்கள். அவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். நல்ல உழைப்பாளி, கோபம் வந்தால் மட்டும் கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுத்துவிடுவான். முதல் இரண்டு வருஷம் அவள் முதுகில் தழும்பில்லாத இடம் இல்லை. மூத்த மகன் கைக்குழந்தையாக இருக்கும்போது கொழுந்தனுக்குக் கல்யாணம் வந்தது. ஏரிக்கரைக் கிணற்றடியில் பம்பை முழங்கியது. பின்னால் ஓரமாக நின்றிருந்த கோவிந்தம்மாளுக்குப் பாதத்திலிருந்து ஜில்லென்று ஏறியது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் புகுந்த மாதிரி மூச்சு முட்டியது. அப்புறம் எதுவும் ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது யாரோ ஒருத்தி மடியில் கிடந்தாள்.

“கெணத்துல உழுந்தேனே, எம் புள்ள பாலுக்கு அழுவுதே” என்று கத்தினாளாம். கூட்டமே காலில் விழுந்ததாம். கிருஷ்ணசாமியும் விழுந்தானாம்.

அன்றைக்கு நின்றது அடி. சாமி குடியிருக்கிற உடம்பில் கை வைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. அதற்கப்புறம் பங்காளி வீடுகளில் எந்தக் கல்யாணம் என்றாலும் கோவிந்தம்மாள்தான் நிற்பாள், சின்னபொண்ணு வருவாள். வந்தால் சும்மா போகமாட்டாள். வீட்டுப் பெண்களுக்காக எதையாவது கேட்டு, ஆம்பிளைகளைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்துவிட்டுத்தான் மலையேறுவாள். ஒரு மாப்பிள்ளையைக் குடியை விடச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். அவன் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தான், அதுவே அந்த வீட்டுக்குப் பெரிய விசேஷம்.

இப்போது சொந்த மகள் கல்யாணம். தமிழ்மொழி டிகிரி முடித்துவிட்டு, குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் வேலை பார்க்கிறாள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. மாப்பிள்ளை சித்தார்த்தனுக்குத் திண்டிவனத்தில் பைக் கம்பெனி ஒன்றில் வேலை. நல்ல பையன், அம்மா பேச்சைத் தட்டாதவன். அங்கேதான் சிக்கல். நிச்சயதார்த்தத்தன்று அவன் அம்மா மலர்விழி காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் வெள்ளக்காரங்க எடத்துல இன்னா வேல சம்பந்தி? ஊட்டோட இருக்கட்டும்.”

சித்தார்த்தன் தரையைப் பார்த்தான். கிருஷ்ணசாமி தலையாட்டினான். பெண்ணைப் பெற்றவன் தலை ஆடத்தானே படைக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி தமிழ்மொழி அழுது முகம் வீங்கிக் கிடந்தபோது கோவிந்தம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நீ கம்முனு இரு. பூவாடக்காரி அழைப்புக்கு அந்தம்மாவும் வருது, மாப்பிள்ளையும் வர்றாரு. நாம கேட்டா இல்லன்னுவாங்க. அவ கேட்டா சொல்லுவாங்களா?”

தினமும் விளக்கேற்றும்போது சின்னபொண்ணிடம் வேண்டிக்கொண்டாள். நான் கேட்டால் எடுபடாது தாயே, நீ வந்து கேள்.

அழைப்புக்கு முதல் நாள் காலையிலும் அவள் கடையை விடவில்லை. கடை என்றால் கூட்டேரிப்பட்டு மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கூடை, அதில் அவித்த மல்லாட்டை. பாண்டிச்சேரி டாக்ஸி ஒன்று வந்து நின்றது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பேண்ட் சட்டை போட்ட ஒரு பெண்மணி இறங்கினாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முகம் அசல் நம்ம ஊர் முகம். கூடையைப் பார்த்ததும், “மல்லாட்ட” என்றாள்.

மெட்ராஸ்காரர்களே வேர்க்கடலை என்று கேட்கிற காலத்தில் இது யார் என்று கோவிந்தம்மாள் டிரைவரைப் பார்த்தாள். அவன் சொன்னான்: பெயர் ரூபி, தென்னாப்பிரிக்கா, டர்பன் ஊர். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கூட்டிப்போனார்களே, அந்த வம்சம். இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. கொள்ளுப்பாட்டி பிறந்து வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

“கூட்டேரிப்பட்டுன்னு மட்டும் வாய்வழியா வந்துக்கினு இருக்குதாம். அந்தப் பாட்டியோட மொத புருசன் பேரு பெரியதம்பியாம்” என்றான்.

“பெரியதம்பின்னா எங்க மாமனாருக்குத் தாத்தா பேரு. ஆனா எங்க ஊட்டுல யாரும் கப்பலேறலயே” என்றாள் கோவிந்தம்மாள். “அந்தப் பாட்டி பேரு இன்னா?”

டிரைவர் கேட்பதற்குள் ரூபிக்கே புரிந்துவிட்டது.

“சின்னபொண்ணு” என்றாள்.

கோவிந்தம்மாள் கையில் அள்ளியிருந்த மல்லாட்டையைக் கூடையிலேயே போட்டாள். ஒரு பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே, கூடையைத் தூக்கி டாக்ஸியில் வைத்து, தானும் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். கிருஷ்ணசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தமிழ்மொழி நடுவில் உட்கார்ந்து இந்தப் பேச்சை அங்கேயும் அந்தப் பேச்சை இங்கேயும் மாற்றிச் சொன்னாள். ரூபி தன் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினாள். நாற்காலியில் வெள்ளைப் புடவையோடு ஒரு கிழவி, சுற்றிலும் பேரன் பேத்திகள். கிழவியின் மடியில் இருக்கிற சின்னக் குழந்தை தான்தான் என்றாள் ரூபி.

“எனக்குப் பத்து வயசு வரைக்கும் அவங்க உயிரோட இருந்தாங்களாம்மா. மல்லாட்ட அவிச்சுக் குடுப்பாங்களாம்” என்றாள் தமிழ்மொழி. ரூபி சொன்னதை அப்படியே சொல்லவந்து, தான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கோவிந்தம்மாள் போனை வாங்கிப் பார்த்தாள். பூவாடைக்காரிக்கு உருவம் கிடையாது. செம்பும் பூவும்தான். இங்கே அகலமான மூக்கும், வெற்றிலை அதக்கிய கன்னமும், காமிராவைப் பார்த்துக் கொஞ்சம் முறைப்புமாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கும்பிடுவதா கூடாதா என்று தெரியாமல் கோவிந்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணசாமி ஒத்துக்கொள்ளவில்லை. “இது வேற சின்னபொண்ணு. எங்க கொள்ளுப்பாட்டி கெணத்துல உழுந்து செத்தவ. கைக்கொழந்தைய உட்டுட்டுச் செத்தா.”

இதைத் தமிழ்மொழி சொன்னதும் ரூபி தலையை ஆட்டினாள். ஆமாம், கைக்குழந்தை ஒன்று இருந்தது. கப்பலேறுவதற்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போய்விட்டது. அதற்காக ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் கொள்ளுப்பாட்டி சாப்பிடாமல் இருந்து, வீட்டுக்குப் பின்னால் மண்ணில் பால் ஊற்றுவாள். அவளுக்குப் பிறகு பாட்டி ஊற்றினாள், பிறகு அம்மா, இப்போது நான் ஊற்றுகிறேன். குழந்தையின் பெயர் தேவநாதன்.

தமிழ்மொழி எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி வந்து ரூபியின் மடியில் வைத்தாள். கையில் தடியோடும் காதில் சொருகிய பீடியோடும் ஒரு கிழவர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தேவநாதன் என்று பெயர். எண்பது வயது வாழ்ந்தவர். கிருஷ்ணசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர்.

ரூபி படத்தைப் பார்த்தாள், தமிழ்மொழியைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உயிரோடு பீடி குடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு அங்கே நாலு தலைமுறையாகப் பால் ஊற்றியிருக்கிறார்கள். இங்கேயோ கிருஷ்ணசாமியின் அப்பா கல்யாணத்துக்குப் பம்பை அடித்துக் கிணற்றைக் கூப்பிட்டபோது, கூப்பிடப்பட்டவள் டர்பனில் மல்லாட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

அழுகை அடங்கிய பிறகு ரூபி இன்னொன்றும் சொன்னாள். கொள்ளுப்பாட்டி முதல் புருஷனைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். முதுகைத் திருப்பிக் காட்டுவாள், அவ்வளவுதான். சூட்டுத் தழும்பு இருந்ததாம்.

பெரியதம்பி என்ன செய்திருப்பான் என்பது கோவிந்தம்மாளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, கிணற்றில் விழுந்தாள் என்றான். உயிரோடு பிள்ளையை விட்டு வந்தேன் என்று சொல்ல சின்னபொண்ணுக்கு வாய் வரவில்லை, செத்துப்போனது என்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய், இரண்டுக்கும் நூறு வருஷமாகப் படையல்.

கிருஷ்ணசாமி விரலை மடக்கி முறை பார்த்தான். “எனக்கு அக்கா முறையாவுது” என்றான். கோவிந்தம்மாளுக்கு நாத்தனார். இருக்கிற நாத்தனார்கள் போதாதென்று கப்பலில் ஒன்று. வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

“நாளைக்கு சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. இந்தப் பேச்சு வெளிய போவக் கூடாது. அழப்பு எப்பவும் போல நடக்கட்டும்” என்றான் கிருஷ்ணசாமி.

விவரம் கேட்டுக்கொண்ட ரூபி, கோவிந்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ்மொழியிடம் ஏதோ கேட்டாள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“எம்மா, அந்தப் பாட்டி உம் மேல வந்து பேசுவாங்களான்னு கேக்குறாங்க. அவங்க கொரலு இவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்குதாம். நாளைக்குக் கேக்கணுமாம்.”

கோவிந்தம்மாள் கையை உருவிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அவளைக் குடைந்தது பயமா, அவமானமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொய்யாக ஒரு நாளும் ஆடியதில்லை. கற்பூரம் அடித்துச் சொல்வாள். பாதத்தில் ஏறிய ஜில்லிப்பு நிஜம், மூக்கில் புகுந்த தண்ணீர் நிஜம். ஆனால் கிணற்றில் விழாதவள் எப்படிக் கிணற்றில் விழுந்தேன் என்று வந்து அழுவாள்? அவள் இல்லையென்றால் இத்தனை வருஷமாகத் தன் வாயில் பேசியது யார்?

மறுநாள் காலை கிணற்றைச் சுற்றிப் பெருக்கிச் சாணி தெளிக்கப் போனாள். பாழுங்கிணறு, பாதிக்குத் தூர்ந்துவிட்டது, மழைத் தண்ணீர் கொஞ்சம் பச்சையாகக் கிடந்தது. கல் விளிம்பைத் துடைக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்த விளிம்பில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கொழுந்தன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால். குழம்பில் உப்பு அதிகம் என்று கிருஷ்ணசாமி விறகுக் கட்டையால் அடித்த அன்றைக்கு, மூத்தவனை ஏணையில் போட்டுவிட்டு இங்கே வந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது கிணறு நிறையத் தண்ணீர், பாதம் நனைந்தது. குதிக்கத்தான் வந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்தது, பிள்ளை பசிக்கு அழும் என்று தோன்றியது, எழுந்து போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவளே மறந்துவிட்டாள், அல்லது மறந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கிணற்றில் விழுந்தேனே என்று கத்தியது சின்னபொண்ணு இல்லை. சின்னபொண்ணு தப்பித்துப் போய்விட்டாள். கத்தியது இவள்தான். இவளுக்காகத்தான் கிருஷ்ணசாமி காலில் விழுந்தான், அது இவளென்று தெரியாமல்.

சாயங்காலம் வெயில் தாழ எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்தார்கள். பங்காளிகள் வந்தார்கள், பட்டுப்புடவையில் மலர்விழி வந்தாள், புதுச்சட்டையில் சித்தார்த்தன் வந்தான். ரூபிக்கு யாரோ புடவை கட்டிவிட்டிருந்தார்கள். பம்பைக்காரர் முருகையன் நெற்றி நிறைய விபூதியோடு அடிக்கத் தொடங்கினார். கோவிந்தம்மாள் ஈரப் புடவையோடு பூச்செம்பைக் கையில் ஏந்திக் கிணற்றைப் பார்த்து நின்றாள்.

வழக்கமாக நாலு அடி அடிப்பதற்குள் கால் ஜில்லென்று ஆகும். இன்றைக்கு ஒன்றும் இல்லை. முருகையன் வேகத்தைக் கூட்டினார். வியர்வை கொட்டியது, பம்பை கதறியது, கோவிந்தம்மாள் நட்ட கல்லாக நின்றாள். பங்காளிப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தமிழ்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மலர்விழி மகன் காதில் ஏதோ சொன்னாள்.

ஆடிவிடலாம். பழக்கப்பட்ட உடம்பு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒரு கத்துக் கத்தினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. மகள் வாழ்க்கைக்காக ஒரு தரம் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாயைத் திறந்தும் விட்டாள். எதிரே ரூபி காதைத் தீட்டிக்கொண்டு, செத்துப்போன ஒருத்தியின் குரலுக்காகக் கண்ணில் நீரோடு காத்திருந்தாள். கோவிந்தம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பொறுக்கமாட்டாமல் கிருஷ்ணசாமியே கற்பூரத்தட்டோடு முன்னால் வந்தான். வீட்டுக்குப் பெரியவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டான்.

“யாரு தாயே வந்திருக்கிறது?”

“கோவிந்தம்மா.”

பம்பை தடுமாறி நின்றது. தவறிச் சொல்லிவிட்டாள் என்று நினைத்து அவன் மறுபடி கேட்டான். “யாரு தாயே?”

“கோவிந்தம்மாதான் வந்திருக்கேன். உம் பொண்டாட்டி.” செம்பை இறக்காமலே சொன்னாள். “சின்னபொண்ணு இந்தக் கெணத்துல உழுவல. அவ கப்பலேறிப் போயி நல்லா வாழ்ந்தா. தோ நிக்கிறாங்க பாரு அவ கொள்ளுப்பேத்தி. இங்க காலத் தொங்கப் போட்டுக்கினு குந்துனது நானு. உன் தம்பி கல்யாணத்துக்கு மின்ன, நீ வெறகால அடிச்ச அன்னிக்கி. மூத்தவன ஏணையில போட்டுட்டு சாவத்தான் வந்தேன். புள்ள அழுவுமேன்னு திரும்பிட்டேன். இத்தினி வருசமா அழுதது நான்தான்.”

அந்த விறகுக்கட்டையைக் கிருஷ்ணசாமி மறந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சம்பந்தி முன்னால், பங்காளி முன்னால் தலை கவிழ்ந்து நின்றான். கோவிந்தம்மாளுக்குப் பயமாக இருந்தது. சாமி போன உடம்புதானே இது இனிமேல்.

பிறகு அவன் நிமிர்ந்தான். யார் என்று தெரிந்த பிறகு, வந்தவளிடம் என்ன வேண்டும் என்று கேட்பதுதான் வழக்கம்.

“உனக்கு இன்னா வேணும் கோவிந்தம்மா?” என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மலர்விழி பக்கம் திரும்பினாள்.

“எம் மவ வேலைக்குப் போவணும். கல்யாணத்துக்கு அப்புறமும் போவணும். அத யாரும் நிறுத்தக் கூடாது. அவ மேல யாரும் கை வெக்கக் கூடாது. இது சாமி கேக்கல சம்பந்தி, நான் கேக்குறேன்.”

சாமி கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள். பெற்றவள் கேட்டால் யோசிப்பார்கள். யோசித்தார்கள். மலர்விழி ஏரிப் பக்கம் பார்த்தாள். பங்காளிகள் தொண்டையைச் செருமினார்கள். தட்டில் இருந்த கற்பூரம் எரிந்து அணைந்தது.

கிருஷ்ணசாமி மடியிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்து வைத்தான். முதல் தீக்குச்சி முறிந்தது, இரண்டாவது பற்றியது. தட்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளை முன்னால் நீட்டினான்.

“கேட்டாங்க இல்ல? பதில் சொல்லுங்க மாப்ள.”

சித்தார்த்தன் தமிழ்மொழியைப் பார்த்தான். பிறகு, அம்மா முகத்தைப் பார்க்காமலே, கற்பூரத்தின் மேல் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தான்.